வீட்டுக்கு உதவாத கார்பைன்

ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் விநாயகமூர்த்தியின் வீட்டுக்கு ஒரு பொருள் வருவதென்றால் அது கடைக்குப் போய் வாங்கி வருகிற காரியமல்ல. மின்சாரச் சோற்றுப்பானை வாங்குவதற்கு முன் அவர் மூன்று நண்பர்களின் வீடுகளில் வலிந்து அழைப்பு வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு அடுப்படிக்குள் நுழைந்து, பானையின் அடியில் பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தார். ஸ்திரிக்கைப் பெட்டி வந்தபோது அதன் விளக்கப் புத்தகத்தைப் படித்து முடிக்கும்வரை அதைச் செருக விடவில்லை. அந்தக் கிழமை ஒரு கலியாண வீட்டுக்கு அவருடைய மனைவி அன்னபாக்கியம் கசங்கிய சேலையோடுதான் போனாள்.

ஒக்லாந்துத் தமிழர்கள் இதைச் சொல்லிச் சிரித்தாலும், கார் வாங்கவோ சலவை இயந்திரம் வாங்கவோ வேண்டுமானால் அவரிடம்தான் வந்தார்கள். "மூர்த்தி அண்ணை பாத்தவரோ?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் "ஓம்" என்றுவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவரிடம் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. முடிவை முதலில் சொல்லமாட்டார். எதை எதோடு ஒப்பிட்டார், எப்படிச் சோதித்தார், எங்கே சந்தேகம் வந்தது என்று எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் "ஆகவே" என்று ஒரு சொல் வரும். தீர்ப்பு அதற்குப் பிறகுதான். ஈஸ்ட் டாமாக்கியில் தண்ணீர்க் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். வந்து இறங்கும் உதிரிப் பாகங்களைச் சோதிப்பது அவர் பொறுப்பு. அங்கே யாருக்கும் அந்த "ஆகவே"க்குக் காத்திருக்க நேரமில்லை. "சரியா, பிழையா, ஒரு சொல்லில் சொல்" என்று பாதியில் வெட்டிவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது அவர் முகத்தில் அந்த வெட்டுக்கள் எல்லாம் இருப்பது அன்னபாக்கியத்துக்குத் தெரியும்.

1995ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர்கள் வீட்டில் களவு போனது. பட்டப்பகல். மூர்த்தி வேலையில் இருந்தார். மகள் பிரணவி படிப்புக்காக வெலிங்டனில் இருந்தாள். பின்வளவில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்ற அன்னபாக்கியம் முன்பக்கம் யன்னல் உடைகிற சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கதவால் வெளியேறும் ஒரு முதுகை மட்டும்தான் பார்த்தாள். வீடியோ டெக் போயிருந்தது. அதோடு சோற்றுப்பானையும். அவ்வளவு சோதனைக்குப் பிறகு வாங்கிய பானையைக் கள்ளன் ஒரே பார்வையில் தெரிவு செய்துவிட்டான் என்பது மூர்த்திக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்னபாக்கியத்துக்கு அதில் சிரிப்பு வரவில்லை. மூர்த்திக்குப் பின்னேர வேலை விழுகிற கிழமைகளில் அவள் வீட்டில் தனியே இருக்கமாட்டாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் தன் காலை வேலை முடிந்ததும் ஒனிஹங்கா நூலகத்துக்குப் போய், அது பூட்டும்வரை தோட்டக்கலைப் புத்தகங்களைப் புரட்டுவாள். பிறகு வெளிச்சமான கடை ஒன்றில் வேண்டாத சாமான்களைக் கையில் எடுத்துப் பார்த்து வைப்பாள். இதை மூர்த்தி கவனித்தார். மனைவியின் பயத்துக்கும் ஏற்ற ஒரு பொருள் எங்கோ இருக்கத்தான் வேண்டும், அதைத் தேடிப்பிடித்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அந்தப் பொருளைப் பற்றிச் சொன்னவர் பால் கோவிந்த். முன்பு அதே தொழிற்சாலையில் மூர்த்தியோடு வேலை செய்துவிட்டு, பாபகூராவில் டெய்ரி எனப்படும் சின்னக் கடை ஒன்றை வாங்கி, பாலும் பாணும் பத்திரிகையும் விற்றுக்கொண்டிருந்த ஃபிஜிக்காரர். அவருடைய பாட்டனார் தமிழர். அவருக்குத் தெரிந்த தமிழோ மாரியம்மன் பாட்டோடு சரி. மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். துப்பாக்கி உரிமம் உள்ளவர், சனிக்கிழமைகளில் ஒரு சுடும் கிளப்புக்குப் போகிறவர். அங்கே கண் மங்கிய ஒரு கிழவர் தன் கார்பைனை மலிவாகத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றார். கைத்துப்பாக்கியின் சின்னக் குண்டைச் சுடுகிற குட்டை ரைஃபிள் அது. தோளில் உதைக்காது, குண்டும் மலிவு. "வீட்டுக்கும் ஆகும், கிளப்புக்கும் ஆகும், மூர்த்தி பாய்" என்றார். பாய் என்றால் அவர் வழக்கில் அண்ணன்.

மூர்த்தி இதை வீட்டில் சொன்னபோது அன்னபாக்கியம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்," என்றாள். "இப்ப துவக்கை நாங்களே வாங்கி வைக்கிறதோ?"

"வாங்கேல்லையப்பா. பாக்கத்தான் போறன்."

"நீங்கள் பாத்துப்போட்டு வாங்காமல் விட்டது எது?"

அவர் யோசித்தார். அப்படி விட்ட தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லும் நேரம் இதுவல்ல என்று விட்டுவிட்டார். அந்தத் துவக்கு வீட்டுக்குள் வந்தால் தான் வெலிங்டனுக்குப் போய் மகளோடு இருந்துவிடப் போவதாக அவள் சொன்னாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தால் சுட்டுப் பார்க்கலாம். அப்படி மூர்த்தி சனிக்கிழமைகளில் கோவிந்தோடு போகத் தொடங்கினார். மூன்றாவது சனிக்கிழமை, வீட்டில் தனியே இருக்க விரும்பாமல், அன்னபாக்கியமும் காரில் ஏறினாள். தான் காருக்குள்ளேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டாள்.

கிளப் இருந்தது பாபகூராவுக்கு அப்பால், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே. முதல் வெடிச் சத்தத்துக்கு அவள் கார்க் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். கோவிந்த் வந்து காதுகளை மூடும் கவசம் ஒன்றைத் தந்தார். அதைப் போட்டதும் சத்தம் தூரத்தில் யாரோ கதவு சாத்துவதுபோலச் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து, பின்னால் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

அங்கே அவள் பார்த்தது அவள் எதிர்பார்த்ததல்ல. தன் கணவர் ஒரு பழைய போர்வையை விரித்து, அதில் கார்பைனை வைத்து, அதன் முன்னால் குந்தியிருந்தார். சுற்றிவர ஐந்தாறு வெள்ளைக்காரக் கிழவர்கள் நின்றார்கள். ஒருவர் ஆட்டுப் பண்ணைக்காரர், ஒருவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். மூர்த்தி கதைத்துக்கொண்டிருந்தார். மரக்கட்டை உலர்ந்து கிடக்கிறது, எண்ணெய் காட்டினால் சரியாகும். விசை கொஞ்சம் கடினம், ஆனால் ஒரே சீராக இழுபடுகிறது. கடினத்துக்கு விரல் பழகும், சீரில்லாததற்குப் பழகாது. குண்டு நிரப்பும் பெட்டிகள் இரண்டுக்கும் சுண்ணக்கட்டியால் தனித்தனியே அடையாளம் போட்டுச் சுட்டதில், சிக்குவது துப்பாக்கியல்ல, இரண்டாவது பெட்டி மட்டும்தான் என்று தெரிந்தது. அதன் வாயில் குண்டைப் பிடிக்கிற உதடு வளைந்திருக்கிறது. ஐம்பது யார் தூரத்தில் குண்டுகள் எல்லாம் ஒரு தேத்தண்ணிச் சோசருக்குள் விழுகின்றன. நூறு யார் தூரத்தில் அவை தாழ்ந்து விழுகின்றன, ஆனால் இந்தக் குண்டிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பண்ணைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பல் வைத்தியர் அவர் கையைத் தட்டினார். "பொறு, இன்னும் 'ஆகவே' வரவில்லை" என்றார். எல்லோரும் பொறுத்தார்கள். "ஆகவே" வந்தது. கிளப்புக்கு நல்ல துப்பாக்கி, ஒரு பெட்டியை மட்டும் மாற்ற வேண்டும் என்றார் மூர்த்தி. கிழவர்கள் தலையாட்டினார்கள். அதன் சொந்தக்காரரும் சேர்ந்து தலையாட்டினார்.

அன்னபாக்கியம் தேத்தண்ணி ஆறுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு தன் கணவரை யாரும் கடைசிவரை கேட்டதை அவள் கண்டதில்லை. அன்று வீடு திரும்பும்போது அவர் காரில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கிளப் சோதனை அப்படி முடிந்தது. வீட்டுச் சோதனை மிச்சமிருந்தது. அதற்குத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாதென்பதால், வளவு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியைக் கார்பைனின் நீளத்துக்கு அளந்து அரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அன்னபாக்கியத்தைப் பார்த்து, "நீர்தான் கள்ளன்" என்றார்.

"நான் ஏன் கள்ளன்? நீங்கள் கள்ளனா இருங்கோ."

"எனக்குச் சாவி எங்கையெண்டு தெரியும். கள்ளனுக்குத் தெரியாது."

விதிப்படி துப்பாக்கி ஒரு பூட்டுக்குள் இருக்க வேண்டும்; குண்டு வேறோர் இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். ஆகையால் அரிந்த தடியை உடுப்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். குண்டுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டியை அடுப்படி லாச்சியில் வைத்துப் பூட்டினார். பிறகு கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, "ம்" என்றார். அன்னபாக்கியம் முன்கதவால் உள்ளே வந்தாள். மனதுக்குள் சிரித்தபடி புதிய சோற்றுப்பானையைத் தூக்கினாள். மூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் தேடினார், சாவியைத் தேடினார், தடியை எடுத்தார். தீப்பெட்டிக்கு அடுப்படிக்குப் போகக் கள்ளனைத் தாண்ட வேண்டியிருந்தது. "கொஞ்சம் விலத்தும்" என்று கள்ளனிடமே கேட்டார். நடையின் திருப்பத்தில் தடி சுவரில் இடித்து முருகன் கலண்டர் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி மாட்டிவிட்டுத் திரும்பியபோது, கள்ளன் பானையோடு தபால்பெட்டியடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரிக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கிளப்பில், வீட்டுச் சுவர்களுக்குப் போடுகிற ஜிப் பலகையை நான்கு தட்டாக நிறுத்திச் சுட்டுப் பார்த்தார். நான்கையும் குண்டு துளைத்துப் போனது. வீட்டு நடையில் நின்று சுட்டால் அது காலை வணக்கம் வாங்கிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரிவரை போகும். அன்று மாலை அன்னபாக்கியத்துக்கு முழுவதையும் சொல்லி "ஆகவே"க்கு வந்தார். வீட்டுக் காவலுக்கு அது உதவாது. கிளப்புக்கு உதவும். அதை வாங்க ஆசையாக இருக்கிறது, உரிமத்துக்கு மனுப்போடட்டுமா என்று கேட்டார்.

எதையாவது வாங்கட்டுமா என்று அவர் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் "பாப்பம்" என்றாள். அந்தச் சொல்லுக்கு ஓம் என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை என்று தெரிந்தும் அவர் மனுப்போட்டார்.

ஓகஸ்டில் ஒரு பின்னேரம் உரிமத்துக்காக விசாரிக்கும் அதிகாரி வந்தார். பெயர் ஹாலிஸ். முன்னாள் பொலிஸ்காரர், பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. விண்ணப்பிப்பவரை ஒருமுறையும், வீட்டுக்காரியைத் தனியே ஒருமுறையும் கேட்பது வழக்கம். அன்னபாக்கியம் அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு காதை வரவேற்பறையில் வைத்திருந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. வேலை, கிளப், கோவிந்தின் நற்சாட்சி. பிறகு ஹாலிஸ், "சரி, செக்கியூரிட்டி எப்படி?" என்று கேட்டார்.

துப்பாக்கி விசாரிக்கிறவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்குப் பூட்டும் இரும்பு அலுமாரியும் என்றுதான் அர்த்தம். துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பாய் என்பதே கேள்வி. மூர்த்தியின் காதில் அது பாதுகாப்பு என்று விழுந்தது. வீட்டுப் பாதுகாப்புக்கு இது எப்படி என்று ஒருவர் கேட்டால், அதற்கு அவரிடம் முழுமையாகச் சோதித்த ஒரு பதில் இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார்.

கள்ளன் வந்த கதையைச் சொன்னார். கார்பைனின் நீளத்துக்கு ஒரு தடியை அரிந்ததைச் சொன்னார். மனைவியைக் கள்ளனாக்கியதைச் சொன்னார். தான் படுத்திருந்து எழுந்து, தடியோடு நடையின் திருப்பத்துக்கு வந்ததைச் சொன்னார். சுவர்ப் பலகையில் குண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று சுட்டுப் பார்த்ததையும் சொன்னார்.

பேனா மேசையில் வைக்கப்படுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. போதும், நன்றி, இனி உங்கள் மனைவியோடு பேசுகிறேன் என்றார் ஹாலிஸ். மூர்த்தி, "ஆனால் நான் இன்னும்" என்றார். போதும் என்று அவர் மறுபடியும் சொன்னார்.

கள்ளனைச் சுடவென்று ஒருவர் துப்பாக்கி கேட்டால் அந்த நாட்டில் உரிமம் கிடையாது. அது அன்னபாக்கியத்துக்கு நன்றாகத் தெரியும். கோவிந்தின் மனைவி பிம்லா சொல்லியிருந்தாள். அடுப்படிக்குள் வந்து நின்ற ஹாலிஸின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்று விளங்கியது. அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றால் போதும். துவக்கு வராது. வெலிங்டன் போகத் தேவையில்லை. அவள்மேல் பழியும் விழாது, கணவரோடு சண்டையும் வராது.

கதவிடுக்கால் வரவேற்பறை தெரிந்தது. மூர்த்தி முழங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பாதியில் வெட்டப்பட்ட அந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் சனிக்கிழமை முகத்தை ஒருமுறை பார்த்த பிறகு, இதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஹாலிஸ் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவிடாமல், முதியோர் இல்லத்துச் சமையலறையில் பழகிய ஆங்கிலத்தில், "என் கணவர் இன்னும் பேசி முடிக்கவில்லை" என்றாள். "அவருக்குக் கடைசியில்தான் விஷயம் வரும். நீங்கள் அதற்கு முன்னால் எழும்பிவிட்டீர்கள். வாருங்கள்."

தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். பருத்த மனிதர் பின்னால் வந்து மறுபடியும் உட்கார்ந்தார். அவள் கணவரிடம் தமிழில் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, உங்கட ஆகவேயைச் சொல்லுங்கோ."

மூர்த்தி சொன்னார். முதலில் குரல் தடுமாறியது, பிறகு நேரானது. தடி திருப்பத்தில் இடித்தது. குண்டு இருந்த லாச்சிக்குப் போகுமுன் கள்ளன் தெருவில் நின்றான். குண்டு நான்கு பலகையைத் துளைத்து அயல்வீட்டுக்குப் போகும். ஆகவே வீட்டுக் காவலுக்கு இந்தத் துப்பாக்கி முற்றாக உதவாது. இது மட்டுமல்ல, சட்டப்படி பூட்டி வைத்திருக்கிற எந்தத் துப்பாக்கியும் உதவாது. தான் கேட்பது சனிக்கிழமை இலக்குப் பலகைக்கு மட்டும்.

ஹாலிஸ் பேனாவை மறுபடியும் எடுத்தார். பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்து, கள்ளனாக இருந்தது நீங்கள்தானா என்று கேட்டார். அவள் ஓம் என்றுவிட்டு, சோற்றுப்பானையோடு தபால்பெட்டிவரை போனதைச் சொன்னாள். கலண்டரைக் கண்ணில் ஒற்றியதையும் சொன்னாள். சிரிப்பில் ஹாலிஸின் வயிறு குலுங்கத் தொடங்கியது. முகத்தைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அவர் தன் வேலையை விடவில்லை. அவளை மறுபடியும் அடுப்படிக்கு அழைத்துப்போய், உங்களுக்குத் துப்பாக்கி என்றால் பயமா என்று கேட்டார். பயம் என்றாள். இவர் கையில் இருந்தால்? இல்லை என்றாள். அப்படியானால் உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்க என்ன வேண்டும் என்று கேட்டார். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சற்று யோசித்து, "பின்னேரத்தில் இவர் வீட்டில் இருக்க வேண்டும்" என்றாள். "அந்தப் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது. பாபகூராவில் நண்பர் வீட்டில் இரும்பு அலுமாரி இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருக்கட்டும்."

கதவுக்கு அப்பால் நின்ற மூர்த்திக்கு அது எல்லாம் கேட்டது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அது சின்ன வீடு. இவ்வளவு சோதித்தும் அந்த ஒன்றைச் சோதிக்காமல் விட்டதை நினைத்து அவர் தலையைச் சொறிந்தார். மறுநாளே தொழிற்சாலையில் காலை வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்டார். காரணத்தை விரிவாகச் சொல்ல ஆயத்தமாகப் போனார். மேலாளர் இரண்டாவது வசனத்திலேயே சரி என்றுவிட்டார்.

ஹாலிஸ் அன்று போகும்போது படியில் நின்று, புல்லு வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்க இருப்பதாகவும், எது நல்லதென்று மூர்த்திக்குத் தெரியுமா என்றும் கேட்டார். இருட்டுப்படும்வரை அவர் கார் வாசலில் நின்றது.

செப்டெம்பர் தொடக்கத்தில், படம் ஒட்டிய உரிமம் தபாலில் வந்தது. கண் மங்கிய கிழவரிடமிருந்து கார்பைனை வாங்கி, வளைந்த பெட்டியை மாற்றி, மரக்கட்டைக்கு எண்ணெய் காட்டி, கோவிந்தின் இரும்பு அலுமாரியில் வைத்தார்கள். சனிக்கிழமைகளில் ஆண்கள் கிளப்புக்குப் போனால் அன்னபாக்கியம் டெய்ரியில் பிம்லாவோடு கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். ஐஸ்கிரீம் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு அவள் போடுகிற உருண்டை பிம்லாவுடையதைவிடப் பெரிது என்று பாபகூராவில் சீக்கிரமே தெரிந்துபோனது.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. கோவிந்த் வீட்டில் பாட்டனார் காலத்திலிருந்து அதை விட்டதில்லை. கல்லா இயந்திரம், இறைச்சி வெட்டாத ஒரு கத்தி, வேனின் சாவி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தன. கோவிந்த் இரும்பு அலுமாரியைத் திறந்து, கார்பைனில் குண்டில்லை என்று பார்த்துக் காட்டிவிட்டு, அதையும் கொண்டுவந்து வரிசையின் ஓரத்தில் வைத்தார். பிம்லா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

மூர்த்தி பதறிவிட்டார். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது, உருக்கில் பட்டால் துரு பிடிக்கும், வேண்டுமானால் பக்கத்தில் ஒரு தாளை வைத்து அதில் பூசலாம் என்றார். பிம்லாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிண்ணத்தை அன்னபாக்கியத்திடம் நீட்டினாள்.

அன்னபாக்கியம் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். மோதிர விரலில் காய்ந்த குங்குமத்தை மட்டும் தொட்டுக்கொண்டு துணியின் ஓரத்தில் குனிந்தாள். அதுவரை அவள் அந்தப் பொருளைக் கையால் தொட்டதில்லை. மரக்கட்டையில், உருக்கில் படாமல், ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். பிறகு உள்ளங்கையை மரத்தின்மேல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"என்னப்பா, குளிருதோ?" என்று மூர்த்தி கேட்டார்.

"இல்லை," என்றாள். "நல்லா எண்ணெய் போட்டிருக்கிறியள்."

கோவிந்த் மாரியம்மன் பாட்டைத் தொடங்கினார். சொற்கள் பாதி பிழை. எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.